முளைக்காத விதைநெல் சொன்ன பாடம்

ஒரு வித்து முளைப்பதற்கு அவசியமான காரணிகள் எவை என்று கேட்டால், நம் கல்லூரியில் விஞ்ஞானம் படித்த எந்த மாணவியும் தயங்காமல் விடை சொல்வாள்: நீர், ஒட்சிசன், பொருத்தமான வெப்பநிலை. நானும் அந்த விடைக்கு முழுப் புள்ளி வாங்கியவள்தான். ஆனால் அந்தச் சொற்களை நான் உண்மையில் விளங்கிக்கொண்டது வகுப்பறையில் அல்ல. எங்கள் வீட்டு முற்றத்தில், என் கையாலேயே பழுதாகிப்போன இரண்டு சாக்கு விதைநெல்லின் முன்னால்தான்.

அம்பாறை மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் உண்டு. ஏக்கருக்கு இரண்டு புசல் என்று வாப்பா விதைநெல் வாங்குவார். போன பெரும்போகத்திலும் வழமைபோல் நெல்லைச் சாக்கில் கட்டி ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்தார். அடுத்த நாள் எடுத்து, நீரை வடியவிட்டு, மாமர நிழலில் வைத்தார். இனி இரண்டு நாள் அப்படியே இருந்தால் முளை வந்துவிடும். வரம்பு கட்டும் வேலை மிச்சம் இருந்ததால் வாப்பா வயல்வாடிக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "மகள், காலையும் பின்னேரமும் தண்ணி தெளிச்சி, சாக்கைப் பெரட்டி உடுங்க. மறந்திராதீங்க" என்றார்.

எனக்குத் தவணைப் பரீட்சை. அன்றிரவு மழைத் தூறலும் குளிரும் இருந்தன. முளைப்பதற்கு வெப்பம் தேவை என்று படித்தவள் அல்லவா? இரண்டு சாக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கறுப்புப் பொலித்தீனால் இறுக்கி மூடிவிட்டுப் படிக்கப் போனேன். அடுத்த நாள் மதியத்துக்குமேல் நிழல் நகர்ந்து, பொலித்தீன்மேல் வெயில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. புரட்டவும் இல்லை.

வாப்பா திரும்பி வந்து சாக்கைப் பிரித்தபோது புளித்த நெடி மூக்கில் அடித்தது. சாக்கின் ஓரங்களில் இருந்த நெல் வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. நடுவில் கைவிட்டால் சூடு. அங்கே இருந்த நெல் பிசுபிசுத்து, நசுக்கினால் பால்போல் கசிந்தது. வாப்பா என்னை ஏசவில்லை. ஓரத்து நெல்லை மட்டும் கையால் அள்ளி வேறாக்கிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

ஒரே இனம், ஒரே சாக்கு, ஒரே தண்ணீர். ஓரத்தில் முளைத்தது ஏன் நடுவில் அழுகியது? அந்தக் கேள்வியோடுதான் பாடப்புத்தகத்தை மறுபடி திறந்தேன்.

நன்றாகக் காய்ந்த விதைநெல்லில் ஈரப்பதன் 12 அல்லது 13 சதவீதம் அளவில்தான் இருக்கும். அந்த நிலையில் நெல்மணி உயிரோடு இருந்தாலும் அதன் சுவாசம் மிக மெதுவானது. தண்ணீரில் போட்டதும் அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. ஈரப்பதன் 30 சதவீதத்தை நெருங்கும்போது உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது. முளையம் கிபரெலின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் அமைலேசு என்ற நொதியம் உருவாகி, நெல்மணியில் சேமிக்கப்பட்ட மாப்பொருளை வெல்லமாக மாற்றுகிறது. நாம் சோறாக உண்ணும் அந்த வெள்ளைப் பகுதி, உண்மையில் முளையத்துக்காகக் கட்டிவைத்த கட்டுச்சோறு.

அந்த வெல்லத்தைச் சக்தியாக்க முளையம் சுவாசிக்க வேண்டும். சுவாசிக்க ஒட்சிசன் வேண்டும். சுவாசிக்கும்போது வெப்பமும் வெளிவரும். ஒரு மணியின் வெப்பம் நமக்குத் தெரியாது. ஒரு சாக்கிலுள்ள இலட்சக்கணக்கான மணிகள் நெருக்கமாக இருந்து ஒன்றாகச் சுவாசித்தால் சாக்கே சூடாகிவிடும். நெல் முளைப்பதற்கு 30 முதல் 35 பாகை செல்சியஸ் மிகவும் உகந்தது. 40 பாகையைத் தாண்டி அந்தச் சூடு நீடித்தால் முளையம் பாதிக்கப்படத் தொடங்கும். வாப்பா தண்ணீர் தெளிக்கச் சொன்னது ஈரத்துக்காக மட்டுமல்ல, சூட்டைத் தணிக்கவும்தான். புரட்டச் சொன்னது நடுவில் இருக்கும் நெல்லுக்கும் காற்றுப் படுவதற்காக. நானோ வெளியிலிருந்து வெயிலின் சூட்டையும் சேர்த்து, காற்றையும் அடைத்துவிட்டேன். காற்றுக் கிடைக்காத நெல் காற்றின்றிய சுவாசத்துக்கு மாறியது. அதில் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். கழிவாக அற்ககோல் உண்டாகும். அந்த ஈரத்திலும் சூட்டிலும் நுண்ணங்கிகளும் பெருகின. அந்த நெடியின் காரணம் இதுதான்.

இதை என் கண்ணால் பார்க்க விரும்பி, மிஞ்சிய காய்ந்த விதைநெல்லில் கொஞ்சம் எடுத்து ஐந்து சிறு போத்தல்களில் போட்டேன். முதலாவதில் தண்ணீரே விடவில்லை. அதில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவதில் ஈரப் பஞ்சின்மேல் பரப்பி வைத்தவை மூன்றாம் நாளே வேரும் குருத்துமாக நின்றன. மூன்றாவதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். ஊறியதோடு சரி. வெளியே எடுத்து வைத்த பிறகு முளைத்தது. நான்காவதை ஈரப் பஞ்சோடு அலுமாரி இருட்டில் வைத்தேன். முளைத்தது, ஆனால் குருத்து மஞ்சளாக, மெலிந்து நீண்டுபோயிருந்தது. நெல் முளைக்க ஒளி கட்டாயமில்லை, கட்டுச்சோறு தீர்ந்த பிறகு வாழத்தான் ஒளி வேண்டும் என்பது அப்போது விளங்கியது.

ஐந்தாவதுதான் என்னை வியக்க வைத்தது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நெல்லைப் போட்டு, மேலே எண்ணெய் ஊற்றிக் காற்றை மறித்திருந்தேன். முளைக்காது என்றே நினைத்தேன். சில மணிகளில் வெளிறிய ஒரு முளை மேல்நோக்கி நீண்டது. வேர் மட்டும் வரவில்லை. தண்ணீருக்குள் அகப்பட்ட நெல், இருக்கும் சக்தியை எல்லாம் குருத்தின் உறையை நீட்டுவதிலேயே செலவிடுகிறது. நீர்மட்டத்துக்கு மேலே அந்த நுனி எட்டிவிட்டால், அதன் வழியே காற்று உள்ளே இறங்கும். எட்டாவிட்டால் கட்டுச்சோறு தீர்ந்து மடிந்துவிடும். கோதுமை போன்ற பல தானியங்களுக்கு இந்த ஆற்றல் இல்லை.

இந்தப் பரிசோதனை எனக்கு வேறொன்றையும் விளக்கியது. வாப்பா சாச்சாவிடம் கடனாக விதைநெல் வாங்கி, ஊறவைத்து, முளையாக்கி, நான்கு நாள் பிந்தித்தான் விதைத்தார். போகக் கூட்டத்தில் தீர்மானித்த கடைசி நாளுக்குள் விதைத்துவிட்டது அல்லாஹ்வின் அருள். ஆனால் நாற்று வேரூன்றுமுன் அடைமழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முந்தி விதைத்தவர்களின் பயிர் தலைநிமிர்ந்து நின்றது. எங்கள் வயலின் பள்ளமான மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கியது. வாப்பா நனைந்துகொண்டே வரம்பை வெட்டி நீரை வடித்தும், அந்த மூலையில் பாதிக்குமேல் பயிர் இல்லாமற் போனது.

தண்ணீரில் வளரும் நெல் தண்ணீரில் எப்படிச் சாகும் என்று முன்பு கேட்டிருப்பேன். வளர்ந்த நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. இலை பெறும் காற்று அவற்றின் வழியே சேற்றுக்குள் இருக்கும் வேர்வரை போகும். அதனால்தான் அது நீரில் நிற்கிறது. மூழ்கிக் கிடக்கும் இளம் முளைக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. முளைநெல்லை விதைக்குமுன் வாப்பா வயலின் நீரை வடித்துச் சேறாக மட்டும் வைத்திருப்பது இதற்காகத்தான். அதே பயிருக்குப் பிற்பாடு தண்ணீர் கட்டுவார். பூக்கும் பருவத்தில் நீர் குறைந்தாலோ, வெயில் 35 பாகையைத் தாண்டினாலோ மணி பிடிக்காமல் பதர் கூடிவிடும். ஆக, நீரும் காற்றும் வெப்பமும் எப்போதும் ஒரே அளவில் வேண்டியவை அல்ல. எந்தப் பருவத்தில், எவ்வளவு என்பதுதான் விடயம். என் விடைத்தாளில் அந்த அளவு இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற வாப்பாவின் கையில் அது இருந்தது.

இந்தப் பெரும்போகத்துக்கும் விதைநெல் ஊறப்போட்டோம். சாக்கைப் புரட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று எண்ணியிருந்தேன். வாப்பா என்னிடமே சொன்னார். இரண்டு நாளும் காலை, மதியம், பின்னேரம் என்று சாக்கின் நடுவில் கைவிட்டுச் சூடு பார்த்தேன். மூன்றாம் நாள் காலை வாப்பா சாக்கைப் பிரித்தார். ஓரமும் நடுவும் ஒன்றுபோல முளைத்திருந்தன. ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்துவிட்டு, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்.