கோட்டுக்கு வெளியே நின்ற ஆசான்

மாலை ஐந்து மணிக்கு மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் சற்று நின்று பார்த்தால், பள்ளி விட்டு வரும் சிறுவர் கூட்டம் இரண்டாகப் பிரிவதைக் காணலாம். பெரும்பகுதி தனிப்பயிற்சி வகுப்புகளை நோக்கி விரைகிறது. எஞ்சிய சிறுபகுதி, புழுதி படிந்த ஒரு பந்துடன் திடலைத் தேடிச் செல்கிறது. இந்த இரண்டாவது கூட்டத்தில் தம் பிள்ளையும் இருக்கக் கண்டு பெருமூச்சு விடாத பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. “பந்தை உதைத்தால் வயிறு நிறையுமா?” என்ற கேள்வி நம் இல்லங்களில் எத்தனை முறை ஒலித்திருக்கிறது!

பிள்ளையின் நிலையே இதுவென்றால், அவனுக்கு ஆட்டம் கற்றுத்தரும் ஆசிரியரின் நிலையை என்னென்பது? ஊதுகுழலும் கையுமாக வெயிலில் நிற்கும் அவரை நாம் ‘டிரில் மாஸ்டர்’ என்றும் ‘பி.டி. வாத்தியார்’ என்றும் சற்று இளக்காரமாகவே அழைத்துப் பழகிவிட்டோம். தேர்வு நெருங்கினால் அவருடைய பாடவேளையைத்தான் கணக்காசிரியர் முதலில் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஆண்டு விழாவில் பந்தல் போடவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அவர் தேவைப்படுகிறார். மேடையில் அவருக்கு நாற்காலி இருப்பதில்லை.

இத்தகைய பள்ளி ஆசிரியர் ஒருவரே இந்தியக் கால்பந்துக்கு அதன் பொற்காலத்தைத் தேடித் தந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்தைச் சேர்ந்தவர்.

ஆசிரியராக இருந்தவர்

1909-ஆம் ஆண்டு பிறந்த ரஹீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அதன் கால்பந்து அணியிலும் ஆடினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியப் பணியை மேற்கொண்டார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். 1943-இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநர் பொறுப்பு அவரிடம் வந்தது. இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் ஆட்டக்காரர்களை வளர்த்த முறை வகுப்பறையிலிருந்து பிறந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. நல்லாசிரியர் ஒருவர் மாணவனுக்கு எளிதாக வருவதை விட்டுவிட்டு, வராததையே மீண்டும் மீண்டும் எழுதச் சொல்வார் அல்லவா? ரஹீமும் அதையே செய்தார். வலக்காலில் வலிமையுள்ளவர்கள் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைத் தடுத்து, உடனுக்குடன் தோழனிடம் தள்ளிவிடும் ஆட்டத்தைப் பழக்கினார். தனியொருவரின் திறமை கைதட்டல் வாங்கலாம். ஆனால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் பதினொருவரே வெற்றி பெறுவர் என்பது அவர் கொள்கை.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1950 முதல் 1954 வரை, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் காவல்துறை அணியே வென்றது. இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பும் ரஹீமை நாடி வந்தது. 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுகளில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1–0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

தோல்வி கற்பித்த பாடம்

அவருடைய வாழ்வு வெற்றிகளின் வரிசை மட்டுமன்று. 1952-இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் நாட்டில், நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். யூகோஸ்லாவியா 10–1 என்று நம்மை வீழ்த்தியது. இத்தகைய தோல்விக்குப் பின் தலை நிமிர்வது எளிதன்று. ஆனால் அதன்பிறகு காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. பயிற்சியும் தொடர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசூசா அன்று மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் தோற்று, இறுதியில் நான்காம் இடம் பெற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய உயரம் இன்றுவரை அதுவே.

1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாகித் ஹக்கீமும் இடம் பெற்றிருந்தார். தந்தையே பயிற்றுநர். ஆயினும் ஓர் ஆட்டத்திலும் மகன் களமிறக்கப்படவில்லை. நம் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்க யாரைப் பிடிக்கலாம் என்று அலையும் நம் காலத்தில், இச்செய்தியைச் சற்று நிறுத்திப் படிப்பது நல்லது.

ஜகார்த்தாவில் ஒரு காணிக்கை

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுகள் நடந்தபோது, ரஹீமின் உடலைக் கொடிய நோய் அரிக்கத் தொடங்கியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 என்று இந்தியா தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்றபோதிலும், தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டார்.

போதாக்குறைக்கு, ஊரே நமக்கு எதிராக இருந்தது. இஸ்ரேலும் தைவானும் அவ்விளையாட்டுகளினின்று விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்ததால், இந்தோனேசிய மக்கள் சினம் கொண்டிருந்தனர். நம் வீரர்கள் திடலில் கால்வைத்தாலே கூச்சல் எழுந்தது.

இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. அதற்கு முன் ரஹீம் தம் வீரர்களை அழைத்து, தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது தங்கப் பதக்கமே என்றும் கேட்டுக்கொண்டதாக அவ்வீரர்கள் பின்னாளில் நெகிழ்ந்து கூறியதுண்டு. குரு கேட்ட காணிக்கை! தலையில் காயத்துடன் இருந்த ஜர்னைலைத் தற்காப்பிலிருந்து எடுத்து, முன்வரிசையில் நிறுத்தினார் ரஹீம். கோல் காக்க, நெடிதுயர்ந்த பீட்டர் தங்கராஜ் நின்றார். நம் மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர் அவர்.

செப்டம்பர் 4-ஆம் நாள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எதிர்த்து முழங்கிய அரங்கில், பி. கே. பானர்ஜி முதல் கோலைப் போட்டார். தையல் போட்ட தலையுடன் ஜர்னைல் இரண்டாவதைப் போட்டார். 2–1 என்று இந்தியா வென்றது. அக்கூட்டத்தில் நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஆக்கி வீரர்கள் என்பதும் மறக்கத்தகாத செய்தி.

ஒன்பது மாதங்கள் கடந்தன. 1963 ஜூன் 11-ஆம் நாள், புற்றுநோயால் ரஹீம் காலமானார். வயது 53. அதன்பின் ஆசிய விளையாட்டுகளில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை. 1970-இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலமே கடைசிப் பதக்கம்.

நன்றி யாருக்கு?

அமெரிக்காவில் கல்லூரிப் பயிற்றுநர்களை மக்கள் கொண்டாடுகின்றனர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணியை 1942 முதல் 1986 வரை பயிற்றுவித்த ராட் டீடோ, 11 தேசியப் பட்டங்களை வென்று தந்தார். சொந்தத் தொழிலில் வருவாய் இருந்தமையால், ஆண்டுக்கு ஒரு டாலரையே ஊதியமாகப் பெற்றார். அவர் வாழ்ந்த காலத்திலேயே பல்கலைக்கழகத் திடலுக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

நம் நாட்டில் பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியர் விருது 1985-இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே ரஹீம் கண்மூடிவிட்டார். 2024-இல் ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்த பிறகே பல இல்லங்களில் அவர் பெயர் முதன்முறையாகக் கேட்டது. கோல் போட்டவனைத் தோளில் தூக்கும் நாம், கோட்டுக்கு வெளியே நின்றவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள நம் பள்ளித் திடல்களில் இன்றும் ஊதுகுழல் ஒலி கேட்கிறது. அங்கே நிற்கும் ஆசிரியர் அனைவரும் ரஹீம்கள் ஆகிவிட மாட்டார்கள். அவரிடம் பயிலும் பிள்ளைகள் அனைவரும் ஆசியப் பதக்கம் வெல்லப் போவதுமில்லை. ஆனால் தோற்றபின் எழுவதையும், பலவீனமான காலைப் பழக்குவதையும், பந்தைத் தோழனுக்கு விட்டுக்கொடுப்பதையும் நம் பிள்ளை அங்கேதான் கற்கிறான். இல்லற வாழ்வுக்கு இம்மூன்றும் வேண்டாதவையா?

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, கணக்காசிரியரைக் கண்டு மதிப்பெண் விசாரித்த கையோடு, திடல் பக்கமும் சற்று நடந்து செல்லுங்கள். வெயிலில் நிற்கும் அந்த மனிதரிடம் நம் பிள்ளையின் பெயரைச் சொல்லி, “நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், ஐயா, நன்றி” என்று ஒரு சொல் கூறுங்கள். ரஹீமுக்கு நாம் சொல்லத் தவறிய நன்றியை, இவருக்காவது காலத்தில் சொல்லிவிடுவோம்.