ஸ்காலர்ஷிப் கிடைச்சாச்சு... 529 கணக்குல சேர்த்த பணத்தை எடுத்தா அபராதமா?

குழந்தை பிறந்த கையோடு தொடங்கி, 18 வருஷமா மாசாமாசம் பணம் போட்டு வந்த கணக்கு. இப்போது மகளுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். கூடவே ஒரு கவலை: "சேர்த்த பணத்தை வேற செலவுக்கு எடுத்தா அபராதமாமே?"

அமெரிக்காவில் பிள்ளைகளின் படிப்புக்காகச் சேமிக்கும் 529 திட்டம், 1996-ல் வருமான வரிச் சட்டத்தின் 529-வது பிரிவாக வந்தது. பெயரும் அதனால்தான். போடும் பணத்துக்கு மத்திய அரசின் வரிச் சலுகை கிடையாது. ஆனால், அதில் வரும் லாபத்தைப் படிப்புச் செலவுக்கு எடுத்தால் வரியே இல்லை. வேறு எதற்காவது எடுத்தால், லாபத்துக்கு வருமான வரியும், கூடவே 10% கூடுதல் வரியும் கட்டணும். 'அபராதம்' என்று எல்லோரும் சொல்வது இந்த 10 சதவீதத்தைத்தான்.

வரியில்லாத ஸ்காலர்ஷிப் கிடைத்தால், அந்தத் தொகை அளவுக்கு எடுக்கும் பணத்துக்கு 10% கிடையாது. ஆனால், லாபத்துக்கான வருமான வரி போகாது. 'ஸ்காலர்ஷிப் வந்தா வரியே இல்லை' என்று நினைப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு கணக்கு போடுவோம். கையிருப்பு 80,000 டாலர். அதில் அசல் 50,000, லாபம் 30,000. ஸ்காலர்ஷிப் 20,000. அதே 20,000-ஐ எடுத்தால், அதில் 7,500 லாபமாகக் கருதப்படும். அசலை மட்டும் தனியாக உருவ முடியாது. எடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் இரண்டும் அதே விகிதத்தில் வரும். 22% வரி வரம்பில் இருப்பவருக்கு 1,650 டாலர் வரி. மிச்சமாவது 750 டாலர். இந்த விலக்கும் தானாக வராது, 5329 படிவத்தில் கேட்டு வாங்கணும்.

பணம் மாணவர் பெயருக்கே போனால் லாபம் அவர் வருமானத்தில் சேரும். அவர் வரி விகிதம் பெற்றோரைவிடக் குறைவு என்றால் லாபம்தான். ஆனால், பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் என்றால், ஒரு வரம்புக்கு மேல் பெற்றோர் விகிதத்திலேயே வரி விழலாம்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்க்கணும். ஸ்காலர்ஷிப் டியூஷனை மட்டும்தான் அடைக்கிறதா? அப்படியென்றால் விடுதி, சாப்பாடு, புத்தகம், கம்ப்யூட்டர் செலவுக்கு 529 பணத்தை வரியில்லாமலே எடுக்கலாம். விடுதி, சாப்பாட்டுக்கு மட்டும், பாதி நேரப் படிப்பாவது இருக்கணும் என்ற நிபந்தனை உண்டு.

அப்படியும் மிஞ்சினால் தம்பி, தங்கை பெயருக்குக் கணக்கை மாற்றலாம்; மேற்படிப்புக்கு விட்டுவைக்கலாம். 2024 முதல், 15 வருஷமான கணக்கிலிருந்து மாணவரின் ராத் ஐ.ஆர்.ஏ. ஓய்வூதியக் கணக்குக்கும் மாற்றலாம்: ஆண்டு வரம்புக்கு உட்பட்டு, ஆயுளுக்கு மொத்தம் 35,000 டாலர் வரை. அந்த ஆண்டு மாணவருக்குச் சம்பள வருமானம் இருக்கணும்.