தவுங்கூவில் பிறந்த முதல் மாஸ்டர்

செஸ் வீரர்கள் கொடி மாறுவது இப்போது சகஜம். ஈரானின் அலிரேசா ஃபிரூஜா பிரான்ஸ் குடிமகனாகி 2021-இல் அந்த நாட்டுக்கு ஆடத் தொடங்கினார். அதே ஆண்டில் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன் அமெரிக்காவுக்கு மாறப்போவதாக அறிவித்தார். இருவருமே யோசித்து முடிவெடுத்தவர்கள். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோனுக்கோ, அந்த முடிவை எடுக்கும் வயதே வரவில்லை.

1935 டிசம்பர் 30-இல் பர்மாவின் தவுங்கூவில் அவர் பிறந்தபோது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரலில் அது தனியே பிரிந்தது. தவழ்ந்து எழும் பருவத்திலேயே பிறந்த ஊர் இந்தியாவுக்கு வெளியே போய்விட்டது. வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் தமிழ்நாட்டில். மானம் பார்த்த பூமியான பாலவனத்தம், திருச்சுழிப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் பர்மாவில் பிறந்ததை விளக்க வேண்டாம். மழை பொய்த்தால் கப்பலேறிப் பிழைக்கப் போவது நம் சீமை அறிந்த கதைதான்.

ஆட்டத்திலும் அவர் ஓர் எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. அன்று நம் நாட்டில் பலர் ஆடியது வேறு சதுரங்கம். சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டம்தான் போகும். செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். இந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டில் உட்கார்ந்தால் திறப்பு நகர்வுகளிலேயே திணற வேண்டியதுதான். சர்வதேச முறையை 1960-களில் இங்கே வேரூன்றச் செய்ததில் ஆரோனுக்குப் பெரும் பங்கு உண்டு.

1961-இல் மாஸ்டர் பட்டமும் அர்ஜுனா விருதும் வந்தன. மறு ஆண்டு, உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிப் போட்டியான ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் 23 பேரில் கடைசி இடம். ஆனால் அதே போட்டியில் போர்ட்டிஷையும் ஊல்மனையும் வீழ்த்தினார். இருவரும் ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர்கள். என்னைக் கேட்டால், பட்டியலின் அடியில் இருக்கும் பெயரைவிட அந்த இரண்டு வெற்றிகளைத்தான் பேச வேண்டும். பயிற்சியாளரோ போதிய புத்தகங்களோ இல்லாத நாட்டிலிருந்து போனவர் அவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியனும் அவரே.

1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகியது அங்கேதான். அதற்காக ஆரோனை ஆனந்துக்கு முன்னுரையாக மட்டும் சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை.

இந்தியாவுக்கு இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் கிடைக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1978-இல் டெஹ்ரானில் ஆசிய ஜூனியர் பட்டம் வென்று அந்தத் தகுதியைப் பெற்றவர் வி. ரவிக்குமார். அவர் பிறந்தது நமக்குக் கிழக்கே இருக்கும் பரமக்குடியில்.