மூலையிலே ஒரு ஜன்னல்!

வீடு கட்டுகிறவனுக்கு யோசனை சொல்ல மூன்று பேர் வருவார்கள். கட்டி முடித்தவர், கட்டவே போகாதவர், அந்தப் பக்கமாக வாக்கிங் போகிறவர். எனக்கு நாலாவதாக ஒரு ஆசாமி வாய்த்தது. என் செல்போன்!

ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அது ஒரு படத்தைக் காட்டியது. வீட்டின் மூலையில் தூணே இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி வந்து ‘ட’ மாதிரி சந்தித்துக்கொள்கிறது. உள்ளே ஒருவர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே மழை. என்ன ஒரு வாழ்க்கை!

மனைவியிடம் நீட்டினேன்.

“நல்லாத்தாங்க இருக்கு. துடைக்கிறது யாரு?” என்றாள்.

ஆனால், எனக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. அம்மா. ஊரில் திண்ணைத் தூணில் சாய்ந்து தெருவைப் பார்த்தே நாற்பது வருஷம் ஓட்டியவர். முழங்கால் வலி முற்றிப்போய் எங்களோடு வரச் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: “என்னை ரூமுக்குள்ள அடைச்சு வெச்சிடாதேடா. தெருவுல யாரு போறா, யாரு வர்றான்னு தெரியணும்.”

ஊரப்பாக்கத்தில் எங்களுடையது கார்னர் மனை. கிழக்கே ஒரு தெரு, தெற்கே ஒரு தெரு. தென்கிழக்கு மூலை அறை அம்மாவுக்கு. அந்த மூலையைத் திறந்துவிட்டால் ஒரே நாற்காலியில் இரண்டு தெரு! திண்ணைக்கே டபுள் புரமோஷன்.

சிக்கல் என்னவென்றால், ஞானம் பிறந்தபோது தளம் போட்டு முடித்திருந்தது. மூலையில் தூண் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

மேஸ்திரி அசரவில்லை. “அதுக்கென்ன சார்? முட்டு குடுத்துட்டுத் தூணை எடுத்துடுவோம். மேல நாலு கம்பி சேத்துக் கட்டினா முடிஞ்சுது ஜோலி!”

‘ஜோலி முடிஞ்சுது’ என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பெருமையாக என் பள்ளிக்கூட நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் கட்டட இன்ஜினீயர்.

இரண்டு நிமிஷம் அமைதி. பிறகு, “டேய், நீ பி.காம்.தானே?” என்றான்.

“ஆமா.”

“டெபிட் போட்டா கிரெடிட் எங்கேன்னு கேப்பியா மாட்டியா? மேல்தளம், நாளைக்குக் கட்டப்போற மாடி, ஆயிரம் லிட்டர் டேங்க்... தண்ணி மட்டுமே ஒரு டன்டா! இதுல ஒரு பங்கு அந்தத் தூண் வழியாத்தான் பூமிக்கு இறங்குது. தூணை எடுத்துட்டா அந்த என்ட்ரியை எங்கே போடுவே?”

“நாலு கம்பி...”

“அது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். என்னிக்காவது ஒருநாள் உங்கம்மா தலைமேல டேலி ஆகும்.”

மறுநாள் லீவு போட்டேன். மேஸ்திரி முட்டு வைக்கக் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் நிறுத்தினேன். ஐயாயிரம் கொத்து வேலைக் கணக்கில் கழிந்தது. அந்த மாதம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அப்படியானால் படத்தில் பார்த்த வீடு எப்படி நிற்கிறது?

நண்பனே வந்து விளக்கினான். இது புதுசு இல்லை. 1924-லேயே நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரில் கெரிட் ரீட்வெல்ட் என்பவர் ஷ்ரோடர் வீட்டைக் கட்டினார். மாடியில் இரண்டு கதவுகளையும் திறந்தால் மூலையே காணாமல் போய்விடும். அங்கே தூணைப் பிடுங்கவில்லை. மூலையில் பாரம் இறங்காதபடி முதலிலேயே யோசித்திருந்தார்.

இன்னும் கடைக்கால் தோண்டாதவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்:

● மூலை ஜன்னலை முடிவு செய்யவேண்டியது வீட்டு வரைபடத்தில். தூணை மூலையிலிருந்து உள்ளே தள்ளி வைத்து, பீம் மட்டும் கையை நீட்டினாற்போல மூலைவரை வரவேண்டும். எவ்வளவு நீளலாம், என்ன கம்பி என்பதை இன்ஜினீயர்தான் கணக்குப் போட்டுத் தரவேண்டும்.

● சாதாரண பீமில் முக்கியமான கம்பி அடியில் இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பீமில் அது மேல்பக்கம் இருக்கவேண்டும். பழக்க தோஷத்தில் அடியில் கட்டிவிட்டால் ஆபத்து. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் இன்ஜினீயர் நேரில் வந்து பார்க்கட்டும்.

● தூணே இல்லாமல் செங்கல் சுவர் பாரம் தாங்குகிற வீடா? ஆசையை மறந்துவிடுங்கள். நிலநடுக்கத்தில் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற இடமே மூலைதான். அங்கே ஓட்டை போடக்கூடாது.

● கண்ணாடி பாரம் தாங்காது. பீம் லேசாகத் தாழ்ந்தாலும் கண்ணாடியில் உட்காராதபடி மேலே இடைவெளி விட்டு, சிலிக்கான் வைத்து அடைக்கவேண்டும். டஃபன்டு கண்ணாடியை அப்புறம் அறுக்க முடியாது. எனவே பூச்சு வேலை முடிந்த பிறகே அளவெடுங்கள்.

● மூலை எந்தத் திசை என்பது முக்கியம். தென்மேற்கில் வைத்தால் சாயங்கால வெயில் இரண்டு பக்கமும் அடித்து அறை இட்லிப் பானையாகிவிடும். கன்னி மூலையைத் திறக்காதே என்று வாஸ்துக்காரர் சொன்னால் சண்டை போடாதீர்கள். சென்னையில் சூரியனும் அவர் கட்சி. வடகிழக்கு என்றால் ஐப்பசி மழைச் சாரல் நேரே உள்ளே வரும். மேலே சன்ஷேடும், வெளிப்பக்கம் சரிவான அடிக்கட்டையும் அவசியம்.

● காற்று கொட்டும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒட்டியிருக்கிற இரண்டு ஜன்னலில் ஒன்றில் நுழைகிற காற்று, அறைக்குள் வராமல் பக்கத்து ஜன்னல் வழியாகவே பஸ்ஸில் தவறி ஏறியவர் மாதிரி இறங்கிப் போய்விடும். காற்று வேண்டுமானால் எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு வேண்டும்.

● கம்பி, கொசுவலை, திரைச்சீலை மூன்றும் மூலையில் எப்படிச் சேரும் என்று முதலிலேயே கேளுங்கள். படத்தில் வருகிற வீடுகளில் கொசுவும் இல்லை, திருடனும் இல்லை!

சரி, எங்கள் வீட்டு மூலை?

தூணைத் தொடவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் நாலு நாலு அடி அகலத்தில் ஜன்னல். தூணிருக்கிற கட்டடம் என்பதால், அது தாங்கும் என்று நண்பன் கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்டான். வழக்கமாக மூன்றடி உயரத்தில் வருகிற அடிக்கட்டையை இரண்டு அடிக்கு இறக்கினோம். இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத் தெருவுக்குப் பதில் எதிர்வீட்டு மொட்டை மாடிதான் தெரியும். உயரம் குறைந்ததால் கம்பி கட்டாயம். உட்கார, மூலையை ஒட்டி ஒன்றரை அடி உயரத்தில் ‘ட’ வடிவில் ஒரு திண்டு. எதிர்ச் சுவரில் சின்னதாக இன்னொரு ஜன்னல்.

எனக்கு உள்ளூரக் குறைதான். படத்தில் பார்த்தது இது இல்லையே! பளிச்சென்ற கண்ணாடிக்கு நடுவே ஒன்பது அங்குலத்துக்கு ஒரு தூண், திருஷ்டிப் பொட்டு மாதிரி.

கிரகப்பிரவேசத்தன்று கூட்டம் எல்லாம் போன பிறகு அம்மாவைத் தேடினேன். மூலைத் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்து, கீரைக்காரம்மாவிடம் ஜன்னல் வழியாகவே பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“எப்படிம்மா இருக்கு? இந்தத் தூண் மட்டும் இல்லேன்னா இன்னும்...”

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஏண்டா, தூண் இல்லேன்னா எதுல சாயறதாம்?”