நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள்

லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறி தேடிப் போகிற எல்லோருக்கும் ரேஸ் கோர்ஸ் சாலை தெரியும். அந்தப் பெயரைத் தந்த குதிரைகளைத்தான் யாருக்கும் நினைவில்லை. 1843இல் தொடங்கி 1933 வரை சிங்கப்பூரின் பந்தயத்திடல் பக்கத்து ஃபேரர் பார்க்கில் இருந்தது. பிறகு புக்கிட் தீமா, அதற்குப் பிறகு கிராஞ்சி. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 120 ஹெக்டேர் நிலம் வீடுகளுக்கும் மற்றத் தேவைகளுக்குமாக அரசிடம் திரும்புகிறது.

கிராஞ்சியில் ஓடிய குதிரை ஒவ்வொன்றுக்கும் வம்சாவளி எழுத்தில் உண்டு. தாய் யார், தந்தை யார், அவற்றின் தாய் தந்தை யார் என்று பின்னோக்கிப் போனால் 1791இல் இங்கிலாந்தில் அச்சான பதிவேட்டில் போய் நிற்கும். ஆண்வழியில் பார்த்தால் உலகத்தில் இந்த இனத்துப் பந்தயக் குதிரைகள் அத்தனையும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்றே மூன்று பொலிகுதிரைகளின் பிள்ளைகள். எந்த நாட்டுக்கு விற்றாலும் அந்தக் காகிதம் கூடவே போகும்.

கடைசிப் பந்தயச் செய்தியைப் படித்த அன்று என் நினைவுக்கு வந்தவை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத குதிரைகள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, பாக்கு நீரிணையில், நெடுந்தீவில் அவை இருக்கின்றன. சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலைக் கட்டிய யாழ்ப்பாணத்தவரின் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில் எத்தனையோ பேர். தங்கள் பாட்டன்மாரின் கரையோரத்தில் மனிதக் கை படாமல் பிறந்து, மேய்ந்து, சாகிற குதிரைக் கூட்டம் ஒன்று இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். தட்டையான சுண்ணாம்புக்கல் தரை. வீட்டு வேலிகள்கூட முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஒரு பெருக்க மரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு, பழைய குதிரை லாயத்தின் எச்சங்கள். ஆள்கள் வடக்குப் பக்கம் நெருங்கி வாழ்கிறார்கள். தெற்கே திறந்த புல்வெளி. ஈழத் தமிழில் கட்டுக்கு அடங்காமல் திரியும் கால்நடையைக் 'கட்டாக்காலி' என்பார்கள். அறிவியலில் ஒரு விலங்கைக் 'காட்டு விலங்கு' என்று சொல்லிவிட முடியாதபோது, வீட்டில் பழகிய இனம் மீண்டும் தன்போக்கில் வாழத் தொடங்கியது என்று சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது. நெடுந்தீவுக் குதிரைகள் கட்டாக்காலிகள். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு ஐந்நூறு தலை அளவில்.

இந்தத் தீவுகளுக்கும் குதிரைக்குமான உறவு பறங்கியருக்கு முந்தையது. பக்கத்து நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் ஊர்காவற்றுறைப் பக்கம் உடைந்தால், சரக்கில் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மீதி மூன்று பங்கு உடையவனுக்கு என்கிறது அது. சட்டம் போட்டுப் பங்கு பிரிக்கிற அளவுக்குக் குதிரைக் கப்பல்கள் வந்திருக்கின்றன, சில உடைந்தும் இருக்கின்றன. எதிர்க்கரையில் பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை மாண்டதையும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது. நெடுந்தீவை அவர்கள் 'பசுக்களின் தீவு' என்று அழைத்தார்கள். மேய்ச்சல் நிலம் என்று கண்டுகொண்ட பெயர். 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை வைத்து 'டெல்ஃப்ட்' என்றார்கள். குதிரை வளர்ப்பைப் பெரிதாக்கினார்கள். சுற்றிலும் கடல் இருக்கும்போது வேலி எதற்கு? பிரித்தானியரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அதைத் தொடர்ந்தார்கள். லெப்டினன்ட் நோலன் என்பவர் தீவை நிர்வகித்தார். பிறகு பண்ணை கைவிடப்பட்டது. குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன.

நெடுந்தீவுக் குதிரைகளை முதலில் போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள் என்பார்கள். ஆனால் 'போர்த்துக்கேயக் குதிரை' என்று சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கேயருக்கு அங்கே கிடைத்த பெரும் வருமானங்களில் ஒன்று குதிரை வரி. அந்தக் குதிரைகள் அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. ஆகவே நெடுந்தீவுக்குப் போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரை, போர்த்துக்கல்லில் பிறந்த குதிரையாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

போர்த்துக்கல்லில் பிறந்த குதிரைக்கும் ஒரு கதை உண்டு. 1920இல் ரூய் டி அந்திராடே என்ற விலங்கியல் ஆர்வலர் கொரூஷே என்ற ஊரருகே வேட்டைக்குப் போனபோது முப்பது குதிரைகள் அளவுள்ள ஒரு கூட்டத்தைக் கண்டார். சாம்பல் கலந்த மங்கிய நிறம், முதுகு நெடுகக் கறுப்புக் கோடு, கால்களில் வரிக்குதிரையைப் போல மெல்லிய பட்டைகள், வெளிப்புறம் வளைந்த முகம். ஐபீரியத் தீபகற்பத்தின் ஆதிக்குதிரை இதுதான் என்று அவர் நம்பினார். 1937இல் அதே சாயலுள்ள ஒரு டஜன் அளவு குதிரைகளைச் சேர்த்து ஒரு மந்தையை உருவாக்கினார். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரால் அவை 'சொராயா' எனப்பட்டன. இன்றுள்ள சொராயாக் குதிரைகள், உலகம் முழுவதும் கூட்டினாலும் சில நூறுதான், எல்லாம் அந்த ஒரு கைப்பிடியிலிருந்து வந்தவை.

அந்த மங்கிய நிறத்தின் சூட்சுமம் 2016இல்தான் தெளிவானது. டிபிஎக்ஸ்3 என்ற மரபணு, மயிர் வளரும்போது அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நிறமி சேரும்படி செய்கிறது. மறுபக்கம் நிறமற்று நிற்கிறது. பாதி நிறம், பாதி வெறுமை. தூரத்திலிருந்து பார்த்தால் மங்கல். முதுகுக் கோட்டில் உள்ள மயிருக்கு மட்டும் சுற்றிலும் நிறமி. புல்வெளியில் ஒளிந்துகொள்ள உதவிய சாயம் இது. ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது. 43,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு குதிரையின் எச்சத்தில், இந்த மங்கலை உண்டாக்காத வடிவமும் இருந்தது. நிறத்தை மட்டும் பார்த்து 'ஆதி' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பழங்கால எலும்புகளின் மரபணுக்கள் இன்னும் கடுமையாகப் பேசின. ஐபீரியாவில் நான்கைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தனியொரு குதிரைக் கிளை இருந்தது. இன்றைய குதிரைகளின் உடலில் அதன் பங்கு மிகச் சிறிது என்று 2019இல் ஓர் ஆய்வில் வெளிவந்தது. இன்று உலகில் உள்ள வீட்டுக் குதிரைகளின் மூலம் ரஷ்யாவின் வோல்கா, தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதி என்றும், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்தே அவை எங்கும் பரவின என்றும் 2021இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

அப்படியென்றால் சொராயாவைக் காத்தது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. 2004இல் ஒரு சிறு சொராயா மந்தையை வாலே டி செப்ரோ என்ற தனியார் நிலத்தில் அவிழ்த்துவிட்டார்கள். லாயமில்லை, தீவனமில்லை. காக்க வேண்டியது சுத்த இரத்தம் என்ற கற்பனையை அல்ல, குதிரை தானாக வாழத் தெரிந்த வாழ்க்கையை. அதை லாயத்தில் காக்க முடியாது.

அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது? ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள்: இதுதான் ஒரு குடும்பம். இளம் ஆண்கள் வெளியேறித் தனிக் குழுவாகத் திரியும். பெண்குட்டிகளும் இரண்டு மூன்று வயதில் பிறந்த குடும்பத்தை விட்டு வேறு குடும்பம் சேரும். நெருங்கிய இரத்தம் கலக்காமல் காக்கும் ஏற்பாடு அது. எங்கே தண்ணீர், எப்போது நகர வேண்டும் என்பதில் வயதான பெட்டைகளின் கால் பெரும்பாலும் முன்னே போகும். சில வாரக் குட்டி தாயின் சாணத்தைத் தின்னும். அருவருப்பதற்கு ஒன்றுமில்லை, புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் அதன் குடலுக்குள் குடியேறுகின்றன.

மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாடு நெடுந்தீவில் முக்கியம். மாடு முதலில் இரைப்பையில் புளிக்கவைத்து, அசைபோட்டுப் பிறகு செரிக்கும். குதிரைக்குப் புளிக்கவைக்கும் இடம் பின்னால், பெருங்குடலில். மாடு கொஞ்சம் தின்று முழுதாகப் பிழிந்தெடுக்கும். குதிரை சத்துக் குறைந்த காய்ந்த புல்லையும் நிறையத் தின்று, வேகமாகக் கடத்தி, நாளில் பாதிக்கு மேல் மேய்ந்தே சமாளிக்கும். மேல் வரிசையிலும் வெட்டுப்பல் இருப்பதால் மாடு விட்ட புல்லின் அடியையும் அது கொய்துவிடும். சோளகக் காற்றில் தீவு காய்ந்து பழுக்கும் மாதங்களில் அதற்கு இதுதான் பலம். தீவுவாசியின் மாட்டுக்கும் அதற்கும் மோதல் வருவதும் இதனால்தான்.

புல்லில்லாமல் சில நாள் தாங்கும் குதிரை தண்ணீரில்லாமல் தாங்காது. குள்ளமான குதிரைக்கும் வெயில் நாளில் 20 லிட்டராவது வேண்டும். ஐந்நூறு குதிரைக்கு நாளுக்கு 10,000 லிட்டர். பெரிய தண்ணீர் பவுசர் ஒன்றின் கொள்ளளவு. தீவில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மெல்லிய வில்லையைப் போல மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். வாடைக்காலத்து மழை பொய்த்த ஆண்டுகளில் வறண்ட கேணிகளைச் சுற்றிக் குதிரைகள் செத்துக் கிடந்திருக்கின்றன. தாகத்தில் செத்த குட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு 'சுதந்திரமான குதிரைகள்' என்று கவிதை எழுத என்னால் முடியாது.

2015இல் இலங்கை அரசு தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1,800 ஹெக்டேருக்குச் சற்று மேல். நல்ல முடிவு. ஆனால் குதிரைக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. அது காட்டு விலங்கும் இல்லை, சொந்தக்காரர் உள்ள கால்நடையும் இல்லை.

அப்படிப்பட்ட விலங்குக்கு எங்கே இடம் என்ற கேள்வியை எதிர்க்கரையில் வேறுவிதமாகக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் மட்டக்குதிரைகள் திரிகின்றன. 1967இல் சரணாலயமான அந்தக் காடு வெளிமானுக்காக ஒதுக்கப்பட்டது. குதிரை வெளிமானின் புல்லைத் தின்கிறது, சீமைக்கருவேல நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகிறது. அங்கே அது விருந்தாளியாக வந்து தொல்லையானது. வெளிமானின் பக்கம் நிற்கும் வனத்துறையைக் குறைசொல்ல மாட்டேன். நெடுந்தீவில் இடம்கொடுக்க வெளிமான் இல்லை. கேள்வி குதிரைக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் இடையில் மட்டுமே.

தன்போக்கில் திரியும் குதிரைகளைப் பராமரிப்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. ஸ்பெயினின் கலீசியாவில் சபுசேதோ என்ற ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலையில், மலையில் திரியும் குதிரைகளை ஊர்மக்கள் கூடி இறக்குகிறார்கள். பிடரி மயிரைக் கத்தரித்து, குடற்புழு மருந்து கொடுத்து, மீண்டும் மலைக்கே விடுகிறார்கள். ஊர்த் திருவிழாவே கால்நடை முகாம். அமெரிக்காவின் அசாடீக் தீவில் எண்ணிக்கை பெருகாமலிருக்க 1990களிலிருந்து பெட்டைகளுக்குக் கருத்தடை ஊசியைத் தூரத்திலிருந்து எய்கிறார்கள். ஒவ்வொரு குதிரையையும் அடையாளம் தெரிந்து பதிவேடு வைத்திருப்பதால்தான் அது முடிகிறது.

நெடுந்தீவுக்கு முதலில் வேண்டியது அந்தப் பதிவேடு. நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, காதுக் கிழிசல் இவற்றை வைத்துப் புகைப்படத்திலேயே குதிரைகளைத் தனித்தனியாக அறியலாம். தீவுப் பள்ளிப் பிள்ளைகளால் செய்யக்கூடிய வேலை. ஐந்நூறு என்ற எண் பெரிதாகத் தெரிந்தாலும் குட்டி ஈனவைக்கும் பொலிகுதிரைகள் அதில் சிறு பங்கே. ஒரு கொடிய கோடை சில பொலிகளைக் கொண்டுபோனால் அடுத்த தலைமுறையின் இரத்தம் குறுகிவிடும். சொராயாக்காரர்கள் இன்றுவரை படும் பாடு இதுதான்.

மரபணு ஆய்வுக்கு இரத்தம்கூடத் தேவையில்லை. வேரோடு பிடுங்கிய இருபது முப்பது வால்மயிர், ஈரம் படாத ஒரு காகித உறை போதும். அரேபியா எவ்வளவு, பாரசீகம் எவ்வளவு, ஐபீரியா ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று அந்த வேர்கள் சொல்லும். அதற்கு முன், ஆவணிக்குள், புல்வெளிப் பக்கத்துக் கேணிகளைத் தூர்வார வேண்டும். மழை வருவதற்குள் அந்த வேலை முடிந்தால் அடுத்த கோடையில் குட்டிகள் நிற்கும்.