நரம்பின் உறையும் நாய்க்கடி ஊசியும்

— பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

"நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்ற பேச்சைக் கேட்டிராதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நம் தாத்தா பாட்டி காலத்தில் நாள்தோறும் வயிற்றில் உண்மையாகவே போடப்பட்ட ஊசி அது. வெறிநோயிலிருந்து உயிரைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்ட அந்த ஊசியே மிகச் சிலருக்குக் கை கால்களை விழச் செய்தது. ஏன் அப்படி நேர்ந்தது என்று ஆராயப் புகுந்த விஞ்ஞானிகள், உலகில் சுமார் 29 இலட்சம் மக்களைப் பீடித்துள்ள 'மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்' என்னும் நரம்பு நோயைப் புரிந்துகொள்ளும் வழியைக் கண்டனர். அந்த வரலாற்றையும், இன்று அந்த ஆராய்ச்சி எங்கே வந்து நிற்கிறது என்பதையும், அதனால் நம் போன்ற எளியவர்க்கு என்ன பயன் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சரிகையும் நரம்பும்

நான் திருப்புட்குழியைச் சேர்ந்தவன். விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் எங்கள் ஊருக்குப் பெருமை. பட்டுத்தறி எங்களில் பலருக்குப் பிழைப்பு. ஆகவே வகுப்பில் நரம்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சரிகைதான். சரிகை இழையைப் பிரித்துப் பார்த்தால் நடுவே ஒரு பட்டு நூல் இருக்கும். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். அதற்கும் மேலே பொன் முலாம். நரம்பிழையின் அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். நடுவே செய்தியைக் கடத்தும் 'ஆக்ஸான்' என்னும் இழை. அதன்மேல் கொழுப்பும் புரதமும் கலந்த 'மையலின்' உறை பல சுற்றுகளாகச் சுற்றியிருக்கிறது.

அமைப்பில் சரிகையை ஒத்திருந்தாலும், வேலையில் இந்த உறை மின்கம்பியின்மேல் போர்த்திய ரப்பரைப் போன்றது. மின்துடிப்பு வெளியே கசிந்து போகாமல் அது காக்கிறது. உறையின் நடுவே இடைவெளி விட்டு விட்டு 'ரேன்வியர் கணுக்கள்' உள்ளன. செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவிச் செல்வதால் அதன் வேகம் பன்மடங்கு கூடுகிறது. உறையுள்ள தடித்த நரம்பிழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை பாய்கிறது. உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கே நகர்கிறது.

தறியில் அமர்ந்த நெசவாளியைப் பாருங்கள். கண் பாவில் இருக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது, கால் மிதிப்பலகையை மாற்றி மாற்றி மிதிக்கிறது. இம்மூன்றும் ஒரே தாளத்தில் நடப்பது மையலின் உறை செம்மையாக இருப்பதனால்தான். அது சிதைந்தால் பார்வை மங்கும், கை தடுமாறும், கால் கனக்கும்.

குன்னூரும் ஆட்டு மூளையும்

1885-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி மருந்தாக்கி, நாய் கடித்த ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். நம் தமிழ்நாட்டில் 1907-இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. 1911-இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இம்மருந்தைச் செய்ய ஒரு புதிய முறையைக் கண்டார். வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, அம்மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்வதே அம்முறை. மலிவான இம்மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டு, சுமார் 90 ஆண்டுகள் இந்தியா முழுவதும் பயன்பட்டது.

கிருமி செயலிழந்தது, ஆனால் அதனுடன் ஆட்டு மூளையின் மையலினும் சேர்ந்தல்லவா உடலுக்குள் சென்றது! நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் ஊரைக் காக்கும் காவலரைப் போன்றவை. அந்நியப் பொருள் எது வந்தாலும் அதன் சாயலை நினைவில் வைத்துக்கொண்டு தாக்கும். ஆட்டின் மையலினும் மனிதனின் மையலினும் சாயலில் பெரிதும் ஒத்தவை. ஆகவே சிலரின் உடலில் காவலர்கள் ஆட்டு மையலினைக் கண்டு திரண்டு, பின் தம் சொந்த மூளையின் மையலினையே பகையென்று எண்ணித் தாக்கின. ஊசி போடத் தொடங்கிய ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் தலைவலியும் கண்டு, கால்கள் செயலிழந்தன. சிலர் இறந்தும் போயினர்.

இவ்விளக்கம் ஒரே நாளில் கிடைத்ததன்று. முதலில் எல்லோரும் கிருமியின்மீதே ஐயம் கொண்டனர். 1933-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸும் அவர் துணைவர்களும், எந்தக் கிருமியும் இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி மூலம் செலுத்தினர். சில குரங்குகளுக்குக் கால்கள் விழுந்தன; மூளையைச் சோதித்தபோது மையலின் உரிந்திருந்தது. ஆகவே குற்றவாளி கிருமியன்று, மூளைப் பொருளே என்பது விளங்கியது. 1987-இல் பாங்காக் நகரில், இத்தகைய ஊசியால் பாதிக்கப்பட்ட நோயாளிகளைத் தாய்லாந்து, அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அவர்கள் உடலில் மையலினின் ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதை நிறுவினர்.

மூளைத் திசு ஊசியைக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 1984-இலேயே வற்புறுத்தியது. இந்தியாவில் 2004 டிசம்பரில் அதன் உற்பத்தி நின்றது. இன்று அரசு மருத்துவமனைகளில் போடப்படும் ஊசி, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் செய்யப்படுவது. அதில் மூளைத் திசு இல்லை. வயிற்றிலும் போடுவதில்லை, தோலுக்குள் போடும் முறையில் நான்கு முறை சென்றால் போதும். ஆகவே பழைய பதினான்கு ஊசிக்குப் பயந்து, நாய் கடித்தவரை மந்திரிக்க அழைத்துச் செல்வது உயிருக்கே உலை வைப்பதாகும்.

ஊசியின்றியே வரும் நோய்

எந்த ஊசியும் போடாமல், தானாகவே வெள்ளணுக்கள் மூளை, தண்டுவடம், கண்ணரம்பு ஆகியவற்றின் மையலினைத் தாக்கும் நோயே மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். 1868-இல் பாரிஸ் நகரின் மருத்துவ மேதை ஷார்கோ இதனைத் தனி நோயாக விளக்கினார். 'பல இடங்களில் தழும்பு' என்பது இப்பெயரின் பொருள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஒரு கண் மங்குதல், ஒரு பக்கம் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், மிகுந்த சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இவை சில வாரங்களில் தாமாகவே குறைந்து, பல மாதங்கள் கழித்து வேறோர் இடத்தில் தோன்றும். வெயில் காலத்தில் உடல் சூடேறினால் அறிகுறிகள் தற்காலிகமாக மிகுவதும் உண்டு.

குளிர்நாட்டு நோய் என்றே இது நெடுங்காலம் கருதப்பட்டது. பம்பாயில் மருத்துவர் நோஷிர் வாடியா 1990-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நகரின் பார்சி மக்களிடையே இது மற்றவரைவிட மிகுதி என்று காட்டினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவிய பின், இந்நோய் நம்மிடையேயும் உண்டென்பது தெளிவாயிற்று. மங்களூரில் மருத்துவர் லேகா பண்டிட் குழுவினர் எடுத்த கணக்கில் இலட்சம் பேருக்கு எட்டுப் பேர் அளவில் இந்நோய் காணப்பட்டது.

ஒரே சாயல், இரண்டு நோய்

இங்கேதான் மிக முக்கியமான செய்தி வருகிறது. 1894-இல் யூஜின் தெவிக் என்ற பிரெஞ்சு மருத்துவர், கண்ணரம்பையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கும் ஒரு நோயை விவரித்தார். 'நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா' என்னும் இதனை நூறாண்டுகளுக்கும் மேலாகப் பலர் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸின் ஒரு வகை என்றே எண்ணியிருந்தனர். 2004-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் வாண்டா லெனனும் அவர் குழுவினரும் இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு தனி எதிர்ப்பொருளைக் கண்டனர். 2005-இல் அதன் இலக்கு எது என்பதும் தெரிந்தது. உயிரணுவில் நீர் புகுந்து வெளியேறும் வாயிலான 'அக்வாபோரின்-4' என்னும் புரதமே அது. நீர்வழிப் புரதங்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ர் 2003-இல் நோபல் பரிசு பெற்றதை விலங்கியல் மாணவர்கள் அறிவார்கள்.

இப்பெயர் வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் முதலிய சில மருந்துகள், நியூரோமைலைட்டிஸ் நோயாளிக்குக் கொடுத்தால் நோயை முற்றச் செய்கின்றன!

எங்கள் தெருவில் தறி நெய்யும் ஓர் அக்காவுக்கு இருபத்தேழு வயதில் வலக்கண் திடீரென மங்கியது. ஓயாமல் சரிகையைப் பார்ப்பதால் வந்தது என்றார்கள். கண் திருஷ்டி என்றும் சொன்னார்கள். பாதிப் பார்வைதான் திரும்பியது. அடுத்த ஆண்டு பத்து நாட்கள் விடாத விக்கலும் வாந்தியும். வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள். அதன்பின் இரு கால்களும் மரத்தன. ஓரிடத்தில் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்றார்கள். வேறோரிடத்தில் இரத்தச் சோதனை செய்து நியூரோமைலைட்டிஸ் என்றார்கள். "தம்பி, நீதான் காலேஜில் படிக்கிறாய், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்" என்று அந்த அக்கா ஆங்கிலத்திலிருந்த சோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டிலும் அவர் வீட்டிலும் அதைப் படிக்கக்கூடியவர் வேறொருவரும் இல்லை. நூலகத்திலும் பேராசிரியர்களிடமும் தேடி அறிந்து அவருக்குச் சொன்னவையே இக்கட்டுரைக்கு வித்து. விடாத விக்கலும் இந்நோயின் ஓர் அடையாளம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடத்தை நோய் தாக்கும்போது அது வருகிறது. மருந்து மாற்றப்பட்ட பின் அக்காவுக்குப் புதிய தாக்குதல் வரவில்லை. மிதிப்பலகையை மிதிக்கக் கால் ஒத்துழைக்கவில்லை என்பதால் இப்போது நூல் சுற்றிப் பிழைக்கிறார். பெயர் முன்னரே தெரிந்திருந்தால் அந்தக் கால்கள் தப்பியிருக்கக்கூடும்.

மங்களூர்க் குழுவினர் இந்த எதிர்ப்பொருளையும், 'மாக்' என்னும் மற்றொரு மையலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளையும் கண்டறியும் சோதனையைத் தம் ஆய்வகத்திலேயே உருவாக்கியுள்ளனர். மாக் நோய் குழந்தைகளிடமும் மிகுதியாகக் காணப்படும் மூன்றாவது வகை.

இன்றைய ஆராய்ச்சி

காவலர்களை முதலில் ஏமாற்றுவது யார்? 2022-இல் ஹார்வர்டு விஞ்ஞானிகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் இருபதாண்டுக் குறிப்புகளை ஆராய்ந்தனர். எப்ஸ்டீன்–பார் என்னும் வைரஸ் தொற்றிய பின், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் கண்டனர். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகள், அவ்வைரஸின் ஒரு புரதத்துண்டு மூளையிலுள்ள ஒரு புரதத்தைச் சாயலில் ஒத்திருப்பதைக் காட்டினர். ஆட்டு மூளை ஊசியில் நடந்த ஆள்மாறாட்டமே இங்கும் நடக்கிறது எனலாம். ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தொற்றும் இவ்வைரஸ் மிகச் சிலருக்கே இந்நோயைத் தருகிறது. மரபு, வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல் ஆகியவையும் துணைசெய்கின்றன.

மருந்துகளின் வரலாறும் சுவையானது. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னான், துவோரா டைட்டெல்பாம் ஆகியோர், மையலின் புரதத்தைப் போன்ற ஒன்றைச் செயற்கையாகச் செய்து, விலங்குகளுக்கு அது நோயை உண்டாக்கும் என்று எதிர்பார்த்தனர். அதுவோ நோயைத் தடுத்தது! 'கிளாட்டிராமர்' என்ற பெயரில் அது 1996-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அதற்கு முன் 1993-இல் இன்டர்ஃபெரான் வந்திருந்தது. பின்னர் எதிர்ப்பொருளைச் சுரக்கும் 'பி' வகை வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்துகள் வந்தன. அவற்றுள் ரிட்டுக்சிமாப் நம் நாட்டிலும் இரு நோய்களுக்கும் பயன்படுகிறது. 2019-இல் நியூரோமைலைட்டிஸுக்கென்றே ஒரு மருந்து முதன்முதலாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை யாவும் புதிய தாக்குதலைத் தடுப்பவையே. உரிந்த உறையை மீண்டும் முழுமையாகச் சுற்றவல்ல மருந்து இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

அறிகுறி மறைந்தால் நோய் மறைந்ததென்று பொருளில்லை. இளம் வயதில் ஒரு கண் மங்கினாலோ, கால் மரத்தாலோ, காரணமின்றி நாட்கணக்கில் விக்கல் நீடித்தாலோ, நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுடன் எதிர்ப்பொருள் சோதனையும் தேவையா என்று கேட்கத் தயங்கக் கூடாது. எங்கள் பகுதியினருக்குக் கிழக்கே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உண்டு. மேற்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பியல் துறை உண்டு. 1985-இல் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டுள்ளது. உரிய அளவு ஊனம் உள்ளவர்கள் சான்றிதழ் பெற்றுச் சலுகைகளை அடையலாம்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் தெருவில் யாரேனும் ஒரு சோதனைத் தாளை நீட்டினால், அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் தேடி, அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொல்வோம். மருந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். நோயின் சரியான பெயரை உரிய காலத்தில் அறிவது சிகிச்சையில் பாதி. அந்தப் பாதிக்கு நாம் கற்ற கல்வி உதவுமானால், அதுவே நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.