கடன் ஒப்பந்தம் (காற்பந்து)

காற்பந்தாட்டத்தில் கடன் ஒப்பந்தம் என்பது, ஒரு கழகத்துடன் ஒப்பந்தத்தில் உள்ள வீரர், அவ்வொப்பந்தம் முறியாமலேயே, குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு கழகத்துக்காக விளையாட அனுப்பப்படும் முறையாகும். வீரரை அனுப்பும் கழகம் தாய்க் கழகம் என்றும், பெற்றுக்கொள்ளும் கழகம் கடன்பெறும் கழகம் என்றும் அழைக்கப்படுகின்றன. கடன் காலம் முடிந்ததும் வீரர் தாய்க் கழகத்துக்குத் திரும்ப வேண்டும். இரு கழகங்களும் வீரரும் இசைந்தால் மட்டுமே அவர் புதிய கழகத்தில் நிலையாகத் தங்க முடியும்.

உலகின் பெரும்பாலான காற்பந்துக் கூட்டிணைவுகளில் இம்முறை உள்ளது. இங்கிலாந்துக்குக் கடனாகச் சென்ற ஐக்கிய அமெரிக்க வீரர்களின் வரலாறு, இம்முறையின் பயனையும் அதிலுள்ள நிலையின்மையையும் ஒருங்கே காட்டுகிறது. இக்கட்டுரை அவர்களையே முதன்மை எடுத்துக்காட்டுகளாகக் கொள்கிறது.

பொதுவான விளக்கம்

வீரர் ஒருவரைக் கடனாகக் கொடுக்கும்போது அவரது ஒப்பந்தம் தாய்க் கழகத்திடமே இருக்கிறது. பயிற்சியும் ஆட்டமும் கடன்பெறும் கழகத்தில் நடைபெறுகின்றன. ஊதியத்தை யார் கொடுப்பது, எவ்வளவு விழுக்காடு கொடுப்பது என்பதை இரு கழகங்களும் பேசி முடிவு செய்கின்றன. சில வேளைகளில் கடன்பெறும் கழகம் தனியாக ஒரு கடன் கட்டணமும் செலுத்துகிறது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். அங்கு சொந்த டேனரி இல்லாத வணிகர் தமது பச்சைத் தோல்களை மற்றொருவரின் டேனரியில் கொடுத்து, கூலி செலுத்திப் பதனிட்டுத் திரும்பப் பெறுவதுண்டு. இதனை ஜாப் ஒர்க் என்பர். தோல் யாருடைய கூடத்தில் ஊறினாலும் அதன் உரிமை கொடுத்தவரிடமே இருக்கும். பதமாகித் திரும்பும் தோலின் மதிப்புக் கூடியிருக்கும். காற்பந்துக் கடனிலும் இதுவே எதிர்பார்க்கப்படுகிறது. இளம் வீரர் ஒருவர் வேறிடத்தில் ஆடிப் பதப்பட்டுத் திரும்பினால் தாய்க் கழகத்துக்கு ஆதாயம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. தோலுக்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. வீரரின் சம்மதம் இல்லாமல் கடன் ஒப்பந்தம் செல்லாது. எனினும் கையெழுத்திட்ட பிறகு நடப்பவற்றில் பெரும்பகுதி அவரது கையில் இருப்பதில்லை.

ஒப்பந்தத்தில் இடம்பெறும் விதிகள்

கடன் ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும் விதிகள் பின்வருமாறு:

வாங்கும் விருப்புரிமை: கடன் காலம் முடியும்போது, முன்பே பேசிய விலைக்கு வீரரை வாங்கிக்கொள்ளும் உரிமை கடன்பெறும் கழகத்துக்கு உண்டு. வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வாங்கும் கட்டாயம்: குறிப்பிட்ட நிபந்தனை நிறைவேறினால் கடன்பெறும் கழகம் வீரரை வாங்கியே தீர வேண்டும். வீரர் இத்தனை ஆட்டங்களில் ஆடுதல், கழகம் மேல்நிலைக் கூட்டிணைவில் நீடித்தல் போன்றவை இத்தகைய நிபந்தனைகளாகும்.

திரும்ப அழைக்கும் உரிமை: தாய்க் கழகம் பருவத்தின் இடையிலேயே, பொதுவாக ஜனவரியில், வீரரைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

தாய்க் கழகத்துக்கு எதிராக ஆடாமை: இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில், கடன் வீரர் தமது தாய்க் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் பங்கேற்க இயலாது. ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் நிலைமை வேறு. 2014ஆம் ஆண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், செல்சீ கழகத்தின் கோல்காப்பாளர் திபோ கூர்த்துவா, கடனாகச் சென்றிருந்த அத்லெட்டிக்கோ மாட்ரிட் அணிக்காகச் செல்சீக்கு எதிராகவே ஆடினார். அதைத் தடுக்கும் விதி எதுவும் செல்லாது என ஐரோப்பியக் காற்பந்து ஒன்றியம் அறிவித்தது.

பன்னாட்டு விதிமுறைகள்

பெருங்கழகங்கள் பல பத்து வீரர்களை வாங்கிக் குவித்து, அவர்களை ஆண்டுதோறும் வெவ்வேறு நாடுகளுக்குக் கடனாக அனுப்பும் வழக்கம் பெருகியது. இதனைக் கட்டுப்படுத்த, ஃபிஃபா எனப்படும் பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு 2022 ஜூலை 1 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. அவற்றின்படி ஒரு கடன் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் செல்லக்கூடாது. கடனாகப் பெற்ற வீரரை மூன்றாவது கழகத்துக்கு மறுகடனாக அனுப்பக்கூடாது. ஒரே கழகத்திடமிருந்து மூன்று வீரர்களுக்கு மேல் பெறக்கூடாது. ஒரு கழகம் பிற நாடுகளுக்கு அனுப்பக்கூடிய, பிற நாடுகளிலிருந்து பெறக்கூடிய வீரர்களின் எண்ணிக்கை முதலில் 8 என வரையறுக்கப்பட்டு, 2024 ஜூலை முதல் 6 ஆகக் குறைக்கப்பட்டது. 21 வயதும் அதற்குக் குறைவானவர்களும், அக்கழகத்திலேயே பயிற்சி பெற்று வளர்ந்தவர்களும் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

அமெரிக்க வீரர்களும் இங்கிலாந்தும்

ஐக்கிய அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் 1996இல் தொடங்கியது. அங்கு வீரர்கள் தனித்தனிக் கழகங்களுடன் அல்லாமல் கூட்டிணைவுடனேயே ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். ஆகவே வீரரைக் கடனாக அனுப்புவதிலும் திரும்பப் பெறுவதிலும் கூட்டிணைவின் சொல்லே இறுதியானது. அதன் பருவம் வசந்தத்தில் தொடங்கி ஆண்டின் இறுதியில் முடிவதால், குளிர்கால ஓய்வில் இங்கிலாந்துக்குக் குறுகிய காலக் கடனில் செல்வது வழக்கமாயிற்று. 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் ஐரோப்பாவை ஒத்த பருவ அட்டவணைக்கு மாறுவதென 2025 நவம்பரில் அக்கூட்டிணைவு முடிவு செய்தது.

இத்தகைய குறுங்காலக் கடன்களுள் லேண்டன் டொனவனுடையது மிகவும் அறியப்பட்டதாகும். லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி வீரரான இவர் 2010 ஜனவரியில் எவர்ட்டன் கழகத்துக்கு வந்தார். 10 பிரீமியர் லீக் ஆட்டங்களில் 2 கோல்கள் அடித்தார். அவர் இருந்த காலத்தில் எவர்ட்டன் அணி செல்சீயையும் மான்செஸ்டர் யுனைடெட்டையும் வென்றது. பருவம் முடியும்வரை அவரை வைத்துக்கொள்ள எவர்ட்டன் விரும்பியபோதும், அமெரிக்கப் பருவம் தொடங்கவிருந்ததால் மார்ச்சில் அவர் திரும்ப வேண்டியதாயிற்று. 2012இல் மீண்டும் இரண்டு மாதங்கள் அங்கு ஆடினார்.

ஐரோப்பியக் கழகங்களின் வழியாக இங்கிலாந்துக்கு வந்தவர்களும் உண்டு. டமார்கஸ் பீசுலி 2006-07 பருவத்தில் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. கழகத்திலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்குக் கடனாக வந்தார். அங்கு நிலையான ஒப்பந்தம் கிடைக்காததால் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்தார். ஜோசி ஆல்ட்டிடோர் 2009-10 பருவத்தில் எசுப்பானியாவின் வில்லாரியலிலிருந்து ஹல் சிட்டிக்கு வந்தார். கூட்டிணைவு ஆட்டங்களில் ஒரு கோல் மட்டுமே அடித்தார். ஹல் சிட்டி தரமிறங்கியது. வில்லாரியலுக்குத் திரும்பிய அவர் அடுத்த பருவத்திலேயே துருக்கியின் பர்சாசுபோர் கழகத்துக்கு மறுபடியும் கடனாக அனுப்பப்பட்டார்.

2023 மே மாதம்: இரு வீரர்கள்

ஆட்டக்களத்தின் முடிவு மட்டும் கடன் வீரரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு, அடுத்தடுத்த இரு நாட்களில் நிகழ்ந்த இரண்டு ஆட்டங்கள் சான்றாகும்.

அமெரிக்க நடுக்கள வீரர் வெஸ்டன் மெக்கென்னி 2023 ஜனவரி இறுதியில் இத்தாலியின் யுவென்டசு கழகத்திலிருந்து லீட்ஸ் யுனைடெட்டுக்குக் கடனாக வந்தார். ஒப்பந்தத்தில் வாங்கும் விருப்புரிமை சேர்க்கப்பட்டிருந்தது. லீட்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜெசி மார்ஷ் ஓர் அமெரிக்கர். தேசிய அணியில் மெக்கென்னியுடன் ஆடிய டைலர் ஆடம்சு, பிரெண்டன் ஆரன்சன் ஆகியோரும் அங்கு இருந்தனர். ஆனால் அவர் வந்த ஒரு வாரத்தில், பெப்ரவரி 6 அன்று, மார்ஷ் பதவி நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஹாவி கிராசியாவும் மே தொடக்கத்தில் நீக்கப்பட்டு, சாம் அலர்டைசு பொறுப்பேற்றார். நான்கு மாதங்களுக்குள் மெக்கென்னி பல பயிற்சியாளர்களின் கீழ் ஆட நேர்ந்தது. மே 28 அன்று டோட்டன்ஹாமிடம் 1-4 எனத் தோற்ற லீட்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்து தரமிறங்கியது. விருப்புரிமை பயன்படுத்தப்படவில்லை.

அதற்கு முந்தைய நாள், மே 27 அன்று, வெம்பிளி அரங்கில் லூட்டன் டவுன் அணி கொவென்ட்ரி சிட்டியைத் தண்ட உதைகளில் வென்று பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. 1992க்குப் பின் லூட்டன் முதல்நிலைக் கூட்டிணைவுக்குத் திரும்பியது அப்போதுதான். அன்று அவ்வணியின் கோல்காப்பாளராக நின்றவர் அமெரிக்கரான ஈதன் ஹார்வத். இவர் நாட்டிங்காம் ஃபாரெஸ்ட் கழகத்திலிருந்து கடனாக வந்தவர். அணியை உயர்த்திய பின்னும் அவருக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. லூட்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தின் தாமசு கமின்ஸ்கியை வாங்கியது. ஹார்வத் ஃபாரெஸ்டுக்குத் திரும்பி, 2024 தொடக்கத்தில் கார்டிஃப் சிட்டிக்குச் சென்றார்.

தோற்ற அணியில் இருந்தவரும் வென்ற அணியில் இருந்தவரும் ஒரே நிலையை அடைந்தது குறிப்பிடத்தக்கது. இருவரும் தம்மை முன்பு அனுப்பிவிட்ட கழகத்துக்கே திரும்பினர். இதன் பின்னர் மெக்கென்னி யுவென்டசில் விற்பனைக்குரியவராகவே முதலில் கருதப்பட்டார். எனினும் 2023-24 பருவத்தில் முதல் அணியில் இடத்தை மீண்டும் பிடித்து, இத்தாலியக் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார். 2024 கோடையில் மறுபடியும் விற்பனைப் பேச்சு எழுந்து, பின்னர் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

ஆவணங்களும் காலக்கெடுவும்

கடன் ஒப்பந்தத்தை வீரர்களைப் பதிவு செய்வதற்கென ஒதுக்கப்பட்ட காலத்துக்குள் முடித்தாக வேண்டும். ஆவணம் சில நிமிடங்கள் தாமதமானாலும் பதிவு மறுக்கப்படலாம். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தில் இது அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் நிகழ்ந்தது. புனேயைச் சேர்ந்த வெங்கிஸ் எனப்படும் வெங்கடேசுவரா ஹேச்சரீஸ் குழுமம் 2010 நவம்பரில் வாங்கிய கழகம் இதுவாகும்.

2023 ஜனவரி 31 அன்று நாட்டிங்காம் ஃபாரெஸ்டின் லூயிஸ் ஓ'பிரையனைக் கடனாகப் பெற பிளாக்பர்ன் முயன்றது. ஆவணங்கள் காலக்கெடுவுக்குப் பின் வந்ததால் இங்கிலீஷ் காற்பந்து லீக் ஏற்க மறுத்தது. மேல்முறையீடும் பயனளிக்கவில்லை. ஃபாரெஸ்டின் பதிவுப் பட்டியலிலும் இடமில்லாத நிலையில், அவர் அமெரிக்காவின் டி.சி. யுனைடெட் கழகத்துக்குக் கடனாகச் சென்றார்.

2024 பெப்ரவரி 1 அன்று, ஆர்லாண்டோ சிட்டியின் அமெரிக்க முன்கள வீரர் டங்கன் மெக்குவயர் கடன் அடிப்படையில் பிளாக்பர்னில் சேரவிருந்தார். கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது, அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் உயரிய விருதான ஹெர்மன் விருதை 2022இல் பெற்றவர் இவர். ஆவணப் பதிவில் ஏற்பட்ட பிழையால் இந்த ஒப்பந்தமும் ஏற்கப்படவில்லை. மெக்குவயர் ஆர்லாண்டோவிலேயே தொடர்ந்தார். அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க அணியிலும் அவர் இடம்பெற்றார்.

இவற்றுடன் பணி அனுமதியும் ஒரு தடையாகும். ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியதைத் தொடர்ந்து, 2021 ஜனவரி முதல் வெளிநாட்டு வீரர்கள் அனைவருக்கும் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. தேசிய அணிக்காக ஆடிய ஆட்டங்கள், அந்நாட்டின் ஃபிஃபா தரவரிசை, தாய்க் கழகத்தின் கூட்டிணைவுத் தரம் முதலியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. தரவரிசையில் பின்தங்கிய இந்தியா போன்ற நாடுகளின் வீரர்கள் இப்புள்ளிகளைப் பெறுவது மிகக் கடினம்.

பயன்கள்

இம்முறையால் உயர்ந்தவர்களும் பலர். இங்கிலாந்து அணியின் தலைவர் ஹாரி கேன் 2011 முதல் 2013 வரையான காலத்தில் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நாரிச் சிட்டி, லெஸ்டர் சிட்டி ஆகிய நான்கு கழகங்களில் கடனாக ஆடியவர். பின்னாளில் டோட்டன்ஹாம் கழகத்தின் வரலாற்றில் மிகுதியான கோல்கள் அடித்தவரானார்.

அமெரிக்கத் தேசிய அணியின் இடப்புறத் தடுப்பாட்டக்காரர் ஆன்டனி ராபின்சன் இங்கிலாந்தின் மில்டன் கீன்சில் பிறந்தவர். எவர்ட்டன் கழகத்தில் பயின்ற இவர், அதன் முதல் அணியில் கூட்டிணைவு ஆட்டம் எதிலும் ஆடவில்லை. 2017-18இல் போல்ட்டன் வாண்டரர்சுக்கும், 2018-19இல் விகான் அத்லெட்டிக்குக்கும் கடனாக அனுப்பப்பட்டார். 2019இல் விகான் அவரை நிலையாக வாங்கியது. 2020 ஜனவரியில் இத்தாலியின் ஏ.சி. மிலான் அவரை வாங்க முற்பட்டபோது, மருத்துவப் பரிசோதனையில் இதயத் துடிப்பில் சீரின்மை கண்டறியப்பட்டு அம்முயற்சி நின்றது. அதே ஆண்டு விகான் நிதி நெருக்கடியால் 12 புள்ளிகளை இழந்து தரமிறங்கியது. ஆகத்து மாதம் ஃபுல்லம் கழகம் அவரை வாங்கியது. அங்கு அவர் பிரீமியர் லீக்கின் முன்னணித் தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராக வளர்ந்தார்.

இந்தியாவில்

இந்திய வீரர்களுள் சுனில் சேத்ரி கடன் முறையின் கீழ் ஆடியவர்களில் குறிப்பிடத்தக்கவர். 2012இல் போர்த்துகலின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்த இவருக்கு அதன் இரண்டாம் அணியில் மிகச் சில வாய்ப்புகளே கிடைத்தன. 2013இல் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்துக்குக் கடனாக வந்தார். அப்பருவத்தில் சர்ச்சில் பிரதர்ஸ் ஐ-லீக் பட்டத்தை வென்றது. பின்னர் சேத்ரி ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் பெங்களூரு கழகத்தில் சேர்ந்தார்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, அது ஆண்டின் இறுதியில் சில வாரங்கள் மட்டுமே நடைபெறும் போட்டியாக இருந்தது. ஐ-லீக் அதன் பின்னர் நடைபெற்றது. எனவே ஒரே வீரர் ஒரே ஆண்டில் இரு கழகங்களுக்கு ஆட முடிந்தது. ஜெஜே லால்பெக்லுவா சென்னையின் எஃப்.சி.க்கும் கொல்கத்தாவின் மோகன் பாகானுக்கும் இவ்வாறு ஆடினார். 2015ஆம் ஆண்டு ஏலத்தில் சேத்ரியை மும்பை சிட்டி 1.2 கோடி ரூபாய்க்குப் பெற்றது. அப்போதும் அவர் பெங்களூரு கழகத்தின் வீரராகவே இருந்தார்.

2017-18 பருவம் முதல் இரு கூட்டிணைவுகளும் ஒரே காலத்தில் நடைபெறத் தொடங்கியதால் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. வீரர்கள் ஏதேனும் ஒரு கழகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராயினர். அதன் பின் இந்தியாவிலும் கடன் ஒப்பந்தங்கள் பிற நாடுகளில் உள்ளதைப் போலப் பெரும்பாலும் பருவக் கணக்கிலேயே செய்யப்படுகின்றன. முதல் அணியில் வாய்ப்புக் கிடைக்காத இளம் வீரர்களே இவ்வாறு மிகுதியாக அனுப்பப்படுகின்றனர்.